நகம் பதிய வேண்டும்

சுக்குக்கு நாலு மாதம்.
இந்த வாரம் அது கடித்தவை:
ரப்பர் செருப்பின் வலது வார்,
மின்வாரிய அட்டையில் பாதி,
கட்டில் காலின் ஒரு முனை,
வாடகை வாங்க வந்து நின்ற புவனேந்திரன் சாரின்
வேட்டிக் கரையில் இரண்டு விரற்கடை.

நான் பல் செட் செய்கிறவள்.
புரசைவாக்கத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே
ஆறடிக்கு எட்டடி லேப்.
யாரோ கடித்துக் கொடுத்த மெழுகில்
அவர்கள் இனிமேல் மெல்லப்போகும் பற்களை
நாற்று மாதிரி நட்டு வைப்பேன்.
ஒரு வாய்க்கு எது தாங்கும் என்று
எனக்கா தெரியாது,
அந்தத் திமிரில்தான் கடைக்குப் போனேன்.

சுவர் முழுக்கத் தொங்கின.
மஞ்சள் ரப்பர் கோழி, அழுத்தினால் கீச்சென்றது.
உள்ளே சுண்டைக்காய் அளவு விசில்.
இரண்டு நாளில் கோழி கிழியும்,
மூன்றாம் நாள்
சுக்கு வயிற்றுக்குள் விசில் கத்தும்.
கயிற்றுப் பொம்மையில் நூல் இப்போதே பிரிந்திருந்தது.
முடிச்சுப் போட்ட வெள்ளைத் தோல் எலும்பைக் காட்டி
"இதான்கா நல்லா போவுது" என்றான் பையன்.
ஊறினால் எவ்வளவு பெருக்கும் என்று
வேப்பேரி டாக்டர் மெஹருன்னிஸா
இரண்டு கையையும் விரித்துக் காட்டியிருந்தார்.
நான் அந்த இடைவெளியை
அப்படியே கடைவரை தூக்கி வந்திருந்தேன்.

நைலான் எலும்பில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினேன்.
(நகக்கண்ணில் எப்போதும் மாக்கல் வெள்ளை.)
பதியவில்லை.
பதியாததில் பல் போய் மோதினால்
பிளப்பது பல்தான்.
"இன்னாக்கா, சுரைக்காயா வாங்குற,
நகம் வெச்சுப் பாக்குற?"
ஆமாம் தம்பி.
பிஞ்சாகத்தான் வேண்டும்.

கடைசியில் ஒரு சிவப்பு வளையம்.
நகம் இறங்கியது, மெதுவாக மேலே வந்தது.
அதன் வாயைவிடப் பெரிது, விழுங்க முடியாது.
முந்நூற்று நாற்பது ரூபாய்,
ஒரு கீழ்த்தாடையில் எனக்கு நிற்கும் காசு.

சுக்கு முகர்ந்தது.
தும்மியது.
விலைச்சீட்டை மட்டும் தின்றது.

எட்வின் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தார்.
"ஒரே ஒரு எலும்பு போடேன், பாவம்."
வெந்த எலும்பு ஊசியாக உடையும் என்றேன்.
"தெருவுல அதோட அம்மா
வளையமா கடிச்சுது?"

அயனாவரம் பணிமனைச் சுவரோரம்
முதலில் பார்த்தபோது ஆறு குட்டிகள்.
சாக்குப்பை எடுத்துக்கொண்டு
நாங்கள் திரும்பிப் போன அன்று ஒன்று.
இதை அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை,
சாக்கைப் பிடித்திருந்ததே அவர்தான்.
எலும்புகளைக் காகிதத்தில் சுருட்டி
மூன்று மாடி இறங்கிப் போய்ப் போட்டுவிட்டு வந்தார்.

ராத்திரி கரண்ட் போனது.
ஃப்ரீசரில் வஞ்சிரத் துண்டுகளுக்குப் பக்கத்தில்
நனைத்து முறுக்கி வைத்திருந்த பழைய துவாலை
இளகுவதற்குள் எடுத்தேன்.
ஒரு முனை என் கையில், ஒரு முனை அதன் வாயில்.
ஜில்லிப்பில் முதலில் திகைத்தது,
பிறகு கண்ணை மூடிக்கொண்டு
கடைவாய்க்கு மாற்றி மாற்றி மென்றது.
எதிர் பிளாட்டில் யாரோ விசிறிக்கொள்ளும் சத்தம்.
வியர்வை என் முழங்கையில் இறங்கித் தரையில் சொட்ட
இழுத்தது, இழுத்தேன்,
எதுவோ விட்டுக்கொடுத்தது.
செல்போன் வெளிச்சத்தில் துவாலையில் ரோஜா நிறக் கறை,
அதன் நடுவே
பச்சரிசி முனை மாதிரி ஒன்று.

மறுநாள் லேபில்
நிற அட்டையோடு வைத்துப் பார்த்தேன்.
பதினாறு வெள்ளைகள் என்னிடம்.
ஒன்றும் சேரவில்லை.
எல்லாமே
டீ குடித்தவர்களுக்கான வெள்ளை.

இன்னும் இருபத்தேழு விழ வேண்டும்.
பாதியை விழுங்கிவிடும், தேடாதீங்க
என்றார் டாக்டர்.
பிறகு நாற்பத்திரண்டு முளைக்கும்.
முப்பத்திரண்டுக்கு மேல் நான் எண்ணியதே இல்லை.

வீடு திரும்பினால்
வளையம் கட்டிலுக்கடியில், தூசி அப்பி.
எட்வினின் சார்ஜர் இரண்டு துண்டாக.
பிளக்கிலிருந்து பிடுங்கி வைத்துவிட்டுத்தான்
வேலைக்குப் போயிருக்கிறார், நல்லவேளை.
கடித்த இடத்தில் ஒயரைத் தடவினேன்:
நகம் நன்றாகப் பதிகிறது.